வெங்காய வேரில் நிறமூர்த்தம் பிரிவதைக் கண்ணால் பார்க்க: கொழும்பு உயர்தர மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உயர்தர உயிரியலில் முதல் தடவை எனக்குச் சாதாரண சித்தியான எஸ் தான் கிடைத்தது. கலப்பிரிவுப் படங்களை எத்தனையோ தடவை கீறிப் பழகியிருந்தேன். வட்டத்துக்குள் புழுப் புழுவாகக் கோடுகள், பக்கத்தில் பெயர்கள். ஆனால் "வெங்காயக் கலத்தின் மேன்முக அவத்தையில் எத்தனை நிறமூர்த்தம்?" என்று யாராவது கேட்டால் 16 என்பதா 32 என்பதா என்று தெரியாமல் முழிப்பேன்.

இரண்டாம் தடவைக்குப் படிக்கும்போது வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வெங்காய வேரை நசுக்கிப் பார்க்கத் தொடங்கினேன். நான்கு முறை ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாம் முறை, இரண்டு பக்கமும் இழுபட்டுப் போய்க்கொண்டிருந்த நிறமூர்த்தங்களைக் கண்டேன். அந்த ஒரு காட்சிக்குப் பிறகு எண்ணிக்கையில் நான் தடுமாறியதில்லை. அந்த நான்கு முறையில் என்ன பிழை விட்டேன் என்பதை இங்கே எழுதுகிறேன். நீங்கள் முதல் முறையிலேயே பார்த்துவிட வேண்டும்.

1. முதலில் சொற்களைச் சரிப்படுத்துங்கள்

நம்மில் பலர் பாடப் புத்தகத்தை நமது மொழிவழக்கிலும் காணொளிகளைத் தமிழ்நாட்டு வழக்கிலும் படிக்கிறோம். இரண்டையும் கலந்து விடைத்தாளில் எழுதினால் எழுதியவருக்கே குழம்பும். அங்கே செல், இங்கே கலம். அங்கே குரோமோசோம், இங்கே நிறமூர்த்தம். மைட்டாசிஸ் என்பது இழையுருப்பிரிவு (நிறமூர்த்த எண்ணிக்கை மாறாத பிரிவு), மியாசிஸ் என்பது ஒடுக்கற்பிரிவு (எண்ணிக்கை பாதியாகும் பிரிவு). புரோபேஸ், மெட்டாபேஸ், அனாபேஸ், டீலோபேஸ் என்று அவர்கள் சொல்லும் வரிசைதான் நமக்கு முன்னவத்தை, அனுவவத்தை, மேன்முக அவத்தை, ஈற்றவத்தை. ஒரு தாளில் இரண்டு நிரலாக எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவிடுங்கள்.

இதைவிடப் பெரிய பொறி "பிரிதல்" என்ற சொல்லில் இருக்கிறது. கலம் பிரிகிறது என்கிறோம், நிறமூர்த்தம் பிரிகிறது என்றும் சொல்கிறோம். கலம் பிரிவது என்றால் ஒன்று இரண்டாக மாறுவது. நிறமூர்த்தம் பிரிவது என்றால் சேர்ந்திருந்த இரண்டு விலகுவது. நிறமூர்த்தம் இரட்டிப்பது அதற்கு எவ்வளவோ முன்னர், இரண்டு பிரிவுகளுக்கு நடுவிலுள்ள இடையவத்தையிலேயே, டிஎன்ஏ இரட்டிக்கும்போது முடிந்துவிடுகிறது. நான் ஒரு வருடம் முழுக்க இரண்டையும் ஒன்றென்று நினைத்திருந்தேன். உங்கள் குறிப்பேட்டில் ஒன்றுக்கு "இரட்டித்தல்" என்றும் மற்றதற்கு "விலகுதல்" என்றும் எழுதிப் பழகுங்கள். பரீட்சையில் பாடநூல் சொல்லையே எழுதலாம், மண்டைக்குள் இது தெளிவாக இருக்க வேண்டும்.

2. நூலும் பிரஸ் பட்டனும்

நுணுக்குக்காட்டியைத் தொடுவதற்கு முன் ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். சிவப்புக் கம்பளிநூல் ஒரு உருண்டை, நீல நூல் ஒரு உருண்டை, சட்டைக்குத் தைக்கும் பிரஸ் பட்டன் ஒரு அட்டை. புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் தையல் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். எனக்கு நூல், பட்டன், வெங்காயம் எல்லாம் ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிட்டது.

ஒரு சாண் நீளத்தில் சிவப்பு இரண்டு, நீலம் இரண்டு வெட்டுங்கள். அதில் பாதி நீளத்தில் சிவப்பு இரண்டு, நீலம் இரண்டு. மொத்தம் எட்டுத் துண்டு. ஒரே நிறம், ஒரே நீளம் உள்ள இரண்டு துண்டுகளை எடுத்து, ஒன்றின் நடுவில் பட்டனின் குமிழ்ப் பாதியையும் மற்றதில் குழிப் பாதியையும் தைத்து அழுத்தி ஒட்டுங்கள். இப்போது உங்களிடம் நான்கு நிறமூர்த்தங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு அரைநிறவுருக்கள் (ஒட்டியிருக்கும் ஒவ்வொரு நூலும் ஒன்று), நடுவில் பட்டன்தான் மையப்பாத்து. சிவப்பு தாய்வழி, நீலம் தந்தைவழி. நீளமானவை ஒரு சோடி, குட்டையானவை ஒரு சோடி.

இனி ஒரே ஒரு விதி: எண்ணும்போது நூலை எண்ணாதீர்கள், மையப்பாத்தை எண்ணுங்கள். மூடிய பட்டன் ஒன்று. திறந்துவிட்டால் இரண்டு பாதியும் தனித்தனியாக ஒவ்வொன்று. நான்கு பட்டனையும் மேசையின் நடுக்கோட்டில் வரிசையாக வையுங்கள், அது அனுவவத்தை. நான்கு நிறமூர்த்தம், எட்டு அரைநிறவுரு. பட்டனைத் திறந்து இரண்டு பக்கமும் இழுங்கள், அது மேன்முக அவத்தை. அந்தக் கணத்திலிருந்து அரைநிறவுரு என்ற பெயரே போய்விடுகிறது. எட்டு நிறமூர்த்தம், பக்கத்துக்கு நான்கு. வெங்காயத்துக்கு இதையே 16, 32, பக்கத்துக்கு 16 என்று மாற்றிப் போடுங்கள். மனிதனுக்கு 46, 92, பக்கத்துக்கு 46.

உண்மையான கலத்தில் பட்டன் வேலையைச் செய்வது கொஹீசின் என்ற புரதம். இரண்டு அரைநிறவுருக்களையும் வளையம்போலச் சேர்த்துப் பிடித்திருக்கும். எல்லா நிறமூர்த்தமும் கலத்தின் இரண்டு முனைவிலிருந்தும் (எதிரெதிர் அந்தங்களிலிருந்தும்) வரும் கதிர்நார் என்ற இழுக்கும் நாரில் கொளுவப்பட்ட பின்புதான் செப்பரேஸ் என்ற நொதியம் அந்த வளையத்தை வெட்டும். ஒன்றே ஒன்று கொளுவாமல் இருந்தாலும் கலம் காத்திருக்கும். அனுவவத்தையில் எல்லாம் நேர்வரிசையில் நிற்பது அழகுக்காக அல்ல. இரண்டு பக்கமும் இழுக்க, நடுவில் வளையம் விடாமல் பிடிக்க, அந்த இழுபறியில்தான் அவை கோட்டில் நிற்கின்றன.

ஆடிவேல் தேரின் வடத்தைப்போலக் கதிர்நார் இழுக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். பாதிதான் சரி. தேர் வடத்தை ஆட்கள் பிடித்து இழுக்கிறார்கள், வடம் அதே நீளத்தில் இருக்கும். இங்கே நார் நிறமூர்த்தத்தின் பக்கத்து நுனியிலிருந்தே கரைந்து கரைந்து குட்டையாகிறது. கரைகின்ற நுனியை விடாமல் பிடித்தபடியே நிறமூர்த்தம் முனைவை நோக்கிப் போகிறது.

3. வெங்காயம்: எதை வாங்குவது, எப்படி முளைக்கவைப்பது

என் முதல் தோல்வி இங்கேதான். பெரிய பம்பாய் வெங்காயம் வாங்கி ஐந்து நாள் தண்ணீரில் வைத்தேன், ஒரு வேர்கூட வரவில்லை. நீண்ட நாள் களஞ்சியத்தில் இருந்த வெங்காயமும் முளைக்காமல் இருக்கப் பதப்படுத்தியதும் இப்படித்தான் ஏமாற்றும். சின்ன வெங்காயம் வாங்குங்கள். யாழ்ப்பாணத்துச் சிவப்பு வெங்காயம் கிடைத்தால் மிக நல்லது. இதிலும் 16 நிறமூர்த்தம்தான். கால் கிலோ போதும், மிச்சம் குழம்புக்கு. அடிப்பக்கம் உலர்ந்து கெட்டியாக இருக்கிறதா, பூஞ்சணம் இல்லையா என்று பார்த்து எடுங்கள்.

பழைய வேர்களையும் அடியிலுள்ள காய்ந்த தோலையும் பிளேட்டால் மெல்லச் சீவுங்கள். வேர் வரும் வட்டத்தை வெட்டிவிடக்கூடாது. யோகட் கோப்பையில் தண்ணீர் நிரப்பி, இரண்டு பல்லுக்குத்தும் குச்சிகளைக் குத்தி, அடி மட்டும் தண்ணீரில் தொடும்படி நிறுத்துங்கள். குழாய்த் தண்ணீரை ஓர் இரவு திறந்து வைத்துவிட்டுப் பாவித்தால் குளோரின் குறையும்.

தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். வேர் அழுகாமல் இருக்க மட்டுமல்ல, டெங்குக்காகவும்தான். பல்கனியில் தேங்கிய நீருடன் பத்துக் கோப்பை வரிசையாக இருப்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்த்தால் உங்கள் பரிசோதனை பற்றிய விளக்கத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கமாட்டார். வீட்டுக்குள் வையுங்கள்.

கொழும்புச் சூட்டில் இரண்டு மூன்று நாளில் வேர் ஒன்றரை சென்ரிமீற்றர் வரை வந்துவிடும். அதுதான் பருவம். ஐந்தாறு சென்ரிமீற்றர் வளர்ந்து சுருண்ட வேர் வேண்டாம்.

4. கடிதமும் இரசாயனமும்

தேவையானவை: தனி எதனோல், தூய அசற்றிக் அமிலம், 1 மோலார் ஐதரோக்குளோரிக் அமிலம், அசற்றோகாமைன் சாயம், கண்ணாடி வழுக்கி, மூடும் மெல்லிய கண்ணாடித்துண்டு, சாவணம், ஊசி, ஒற்றுத்தாள், கையுறை.

ஒரு கடைக்குப் போய் அமிலம் கேட்டபோது, பாடசாலைக் கடிதம் இல்லாமல் தரமாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று பஸ் காசும் அரை நாளும் போனது. ஆகவே முதலே ஒரு கடிதம் எடுத்துவையுங்கள். உங்கள் பெயர், அடையாள அட்டை இலக்கம், என்ன பரிசோதனை, எந்த இரசாயனம் எத்தனை மில்லிலீற்றர், ஆசிரியரின் கையொப்பம், முத்திரை. இரண்டு பிரதி எடுங்கள், ஒன்று கடையில் தங்கிவிடும். என்னைப்போலத் தனிப்பட்ட பரீட்சார்த்தி என்றால் படித்த பாடசாலையின் உயிரியல் ஆசிரியரிடமே போய்க் கேளுங்கள். நான் தயங்கித் தயங்கிப் போனேன். சேர் கடிதமும் தந்து, ஆய்வுகூடத்தில் கலந்து வைத்த அமிலத்திலும் கொஞ்சம் தந்தார்.

அமிலத்தை நீங்களே ஐதாக்க வேண்டாம். கழிவறை கழுவும் அமிலத்தைப் பாவிக்கலாமா என்று என்னிடம் ஒரு தம்பி கேட்டார். கூடாது. அதன் செறிவு உங்களுக்குத் தெரியாது, வேறு என்ன கலந்திருக்கிறது என்பதும் தெரியாது. கடை வினாகிரியும் தூய அசற்றிக் அமிலத்துக்கு ஈடாகாது, அதில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

செலவில் பாதிக்கு மேல் சாயத்துக்கே போகும். 25 மில்லிலீற்றர் ஒரு வகுப்புக்கே போதும், நான்கு பேர் சேர்ந்து வாங்குங்கள். கையில் காசில்லை என்றால் அலங்கார மீன் கடையில் மீன் நோய்க்கு விற்கும் மெதிலீன் நீலம் மலிவு. கருவை நன்றாகக் காட்டும், நிறமூர்த்தம் அவ்வளவு கூர்மையாகத் தெரியாது. பழகுவதற்கு அது போதும்.

பெரிய செலவு செய்யக்கூடாத இடம் நுணுக்குக்காட்டி. 1200 மடங்கு என்று பெட்டியில் அச்சிட்ட பிளாஸ்ரிக் விளையாட்டுச் சாமானை வாங்காதீர்கள். 400 மடங்கு தெளிவாகக் காட்டும் பாடசாலை நுணுக்குக்காட்டி ஒன்றில் இரண்டு மணிநேரம் கிடைத்தால் வேலை முடிந்தது. எண்ணெய் வில்லை தேவையே இல்லை.

5. நாட்கணக்கு

செவ்வாய் மாலை வெங்காயத்தைத் தண்ணீரில் வையுங்கள். வெள்ளி காலை வேர் நுனிகளை ஒரு சென்ரிமீற்றர் நீளத்துக்கு வெட்டி, மூன்று பங்கு எதனோலும் ஒரு பங்கு அசற்றிக் அமிலமும் அப்போதே கலந்த திரவத்தில் மூடிய சிறு போத்தலில் போடுங்கள். 24 மணிநேரம் அப்படியே இருக்கட்டும். கலங்கள் எந்த நிலையில் இருந்தனவோ அந்த நிலையிலேயே உறைந்துவிடும். சனி காலை சாயம் போட்டுப் பார்க்கலாம். அன்று நுணுக்குக்காட்டி கிடைக்காவிட்டால் வேர்களை 70 சதவீத எதனோலுக்கு மாற்றிக் குளிர்சாதனப்பெட்டியில் வைத்தால் சில வாரம் கெடாது. போத்தலில் பெயரும் "நஞ்சு" என்றும் எழுதி, சாப்பாட்டுச் சாமான் இல்லாத தட்டில் வையுங்கள். எதனோல் கலவையை அடுப்புக்கு அருகே திறக்காதீர்கள்.

6. அமிலம், சாயம், நசுக்கல்

என் இரண்டாவது, மூன்றாவது தோல்விகள் இந்தப் படியில்தான். வேரை அமிலத்தில் போதிய நேரம் வைக்கவில்லை, கலங்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காகக் கிடந்தன. அடுத்த முறை கூடுதலாக வைத்தேன், வேர் கஞ்சியாகிவிட்டது.

சரியான அளவு 60 பாகை, ஐந்து முதல் எட்டு நிமிடம். அமிலத்தில் வேர் நுனியைப் போட்ட சிறு சோதனைக் குழாயைச் சுடுநீர்க் கோப்பையில் நிறுத்துங்கள். வெந்நீர்த் தொட்டி இல்லாதவர்களுக்கு ஒரு வழி: கொதித்த நீர் ஒரு கோப்பை, குழாய்த் தண்ணீர் ஒரு கோப்பைக்குச் சற்றுக் கூட. நம்மூர்க் குழாய்த் தண்ணீரின் சூட்டுக்கு இது 60 பாகைக்குக் கிட்ட வரும், வெப்பமானியால் சரிபாருங்கள். பிறகு தண்ணீரில் இரண்டு தடவை கழுவுங்கள். அமிலம் மிச்சமிருந்தால் சாயம் ஏறாது.

வேரை அசற்றோகாமைனில் இருபது நிமிடம் விடுங்கள். நுனியில் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் மட்டும் கடும் சிவப்பாகும். அதுதான் பிரியிழையம், கலங்கள் பிரிகின்ற இடம். மீதியை வெட்டி எறிந்துவிடுங்கள். நீளமான வேரை முழுதாக வைத்துப் பார்த்து "ஒன்றும் பிரியவில்லையே" என்பவர்கள் வளர்ந்து முடிந்த கலங்களைத்தான் பார்க்கிறார்கள்.

அந்தத் துணுக்கை வழுக்கியில் ஒரு துளிச் சாயத்துடன் வைத்து, ஊசியால் பிய்த்து, மேல்கண்ணாடியைச் சரிவாக இறக்குங்கள். பென்சிலின் பின்முனையால் மெல்லத் தட்டினால் சிவப்பு முகில்போலப் பரவும். ஒற்றுத்தாளை மடித்து மேலே வைத்துப் பெருவிரலால் நேராகக் கீழே அழுத்துங்கள். பக்கவாட்டில் ஒரு மயிரிழைகூட அசையக்கூடாது, அசைந்தால் கலங்கள் உருண்டு சுருண்டுவிடும். என் நான்காவது முறை அப்படித்தான் போனது.

7. எதைத் தேடுவது

குறைந்த உருப்பெருக்கத்தில் தொடங்கி, சதுரமான, நெருக்கமாக அடுக்கிய கலங்களைக் கண்டுபிடியுங்கள். பிறகு ×40 பொருள்வில்லை.

பெரும்பாலான கலங்கள் இடையவத்தையில் இருக்கும். கரு வட்டமாக, உள்ளே புன்கரு என்ற சிறு உருண்டை தெரியும். இதைப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள். ஒரு அவத்தை எவ்வளவு நேரம் எடுக்கிறதோ அதற்கேற்பத்தான் அந்த அவத்தையில் கலங்கள் கிடைக்கும். பிரிகின்ற கலங்களில் முன்னவத்தை நிறைய இருக்கும், நூல்கண்டு சிக்கியதுபோல. மேன்முக அவத்தை மிகக் குறுகியது, அதனால் மிக அரிது. வழுக்கியை இடமிருந்து வலமாக, புத்தகம் வாசிப்பதுபோல வரி வரியாக நகர்த்துங்கள். அங்கும் இங்கும் தாவினால் பார்த்ததையே பார்ப்பீர்கள்.

அனுவவத்தையைப் பக்கவாட்டில் பார்த்தால் நடுவில் தடித்த பட்டை. மேலிருந்து பார்த்தால் பரப்பி வைத்த வட்டம், சிலர் இதை முன்னவத்தை என்று எழுதிவிடுவார்கள். கருவுறை இல்லை என்பதைக் கவனித்தால் தப்பலாம். மேன்முக அவத்தையில் ஒவ்வொரு நிறமூர்த்தமும் வளைந்து, வளைவின் கூர் முனைவைப் பார்த்தபடி இருக்கும். மையப்பாத்து முன்னே போகிறது, கைகள் பின்னால் இழுபடுகின்றன. கீறும்போது இதைத் தலைகீழாகக் கீறுபவர்கள் நிறையப் பேர். ஈற்றவத்தையில் இரண்டு முனைவிலும் கட்டிகள், நடுவில் கலத்தட்டு (புதிய சுவரின் தொடக்கம்) மெல்லிய கோடாக. தாவரக் கலம் நடுவில் இறுகிப் பிளப்பதில்லை, விலங்குக் கலத்தின் முனைவுகளில் இருக்கும் புன்மையத்தி என்ற சிறு உறுப்பும் இதில் இல்லை. விலங்குக் கலப் படத்தைப் பார்த்து மனனம் செய்து இதற்குள் புன்மையத்தி கீறாதீர்கள்.

16 ஐயும் எண்ண முடியவில்லையே என்று கவலைப்படாதீர்கள். எண்ணுவதற்கென்று செய்யும் ஆய்வுகளில் கொல்சிசின் என்ற பொருளால் கதிர்நார்களை உருவாகவிடாமல் தடுத்து, நிறமூர்த்தங்களை விலகாமல் நிறுத்திவைப்பார்கள். நம் கார்த்திகைப்பூக் கிழங்கில் இருப்பது அதே பொருள்தான். அந்தக் கிழங்கு ஆளைக் கொல்லும் நஞ்சு என்பதற்கும் இதுவே காரணம். வீட்டில் அதைத் தொட்டுப் பரிசோதிக்கவே வேண்டாம்.

8. ஒடுக்கற்பிரிவுக்கு மறுபடி நூல்

மகரந்தக்கூட்டில் ஒடுக்கற்பிரிவைப் பார்க்கலாம் என்று கேள்விப்பட்டு, வளவில் நிற்கும் ஊதா இலை ரோயோவின் மொட்டைப் பறித்துவிடாதீர்கள். அதன் 12 நிறமூர்த்தங்களும் சோடி சோடியாக நிற்காமல் ஒரே வளையமாகக் கோர்த்து நிற்கும். ஆராய்ச்சிக்காரருக்கு அது அருமையான செடி, நமக்கு முதல் நாளே குழப்பம்.

நூலையே எடுத்து, திறந்த பட்டன்களை மறுபடி மூடுங்கள். நீளச் சிவப்பையும் நீள நீலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரு சிவப்பு நுனியையும் ஒரு நீல நுனியையும் வெட்டி மாற்றிக் கட்டினால் குறுக்குப்பரிமாற்றம். குட்டைச் சோடியையும் அப்படியே. இப்போது சோடிகளை விலக்குங்கள், பட்டனைத் திறக்கக்கூடாது. பக்கத்துக்கு இரண்டு பட்டன், மூடியபடி. இதுதான் முதலாம் பிரிவு, எண்ணிக்கை பாதியாவது இங்கேதான். இரண்டாம் பிரிவில்தான் பட்டன் திறக்கிறது, அது இழையுருப்பிரிவு போலவே.

முதலாம் பிரிவில் பட்டன் ஏன் திறப்பதில்லை? கைகளிலுள்ள கொஹீசின் வெட்டுப்படுகிறது. மையப்பாத்தில் உள்ளதை மட்டும் சுகோசின் என்ற புரதம் காக்கிறது. யப்பானிய மொழியில் அந்தப் பெயருக்குக் காவல் தெய்வம் என்று பொருள். எனக்கு இந்த ஒரு பெயரில் முழுப் பாடமும் ஞாபகம் நிற்கிறது.

நீளச் சிவப்பு இடப்பக்கம் போகும்போது குட்டைச் சிவப்பும் கூடவே போகவேண்டும் என்றில்லை. இரண்டு சோடிக்கு நான்கு விதமான புணரி (இனப்பெருக்கக் கலம்). வெங்காயத்தின் எட்டுச் சோடிக்கு 256. மனிதனின் 23 சோடிக்கு 83 இலட்சத்துக்கும் மேல், குறுக்குப்பரிமாற்றத்தைச் சேர்க்காமலே. ஒரு சோடி விலகாமல் ஒரே பக்கம் போனால் என்ன ஆகும் என்பதையும் நூலில் செய்து பாருங்கள். 21 ஆம் சோடியில் அது நடந்தால் குழந்தைக்கு 47 நிறமூர்த்தம், டவுன் நிலை.

9. குறிப்பேட்டில் எழுதுவது

கண்ட கலத்தை மட்டும் கீறுங்கள், புத்தகப் படத்தை அல்ல. பக்கத்தில் திகதி, உருப்பெருக்கம், சாயம், வேரை வெட்டிய நேரம். படத்துக்குக் கீழே மூன்று எண்: நிறமூர்த்தம், அரைநிறவுரு, டிஎன்ஏ மூலக்கூறு. வெங்காயத்தின் அனுவவத்தைக்கு 16, 32, 32. மேன்முக அவத்தைக்கு 32, 0, 32. ஒடுக்கற்பிரிவின் முதலாம் மேன்முக அவத்தைக்கு 16, 32, 32, ஏனென்றால் பட்டன் இன்னும் திறக்கவில்லை. இரண்டாம் அனுவவத்தையில் ஒரு கலத்துக்கு 8, 16, 16.

அப்புறம், பார்த்து முடித்த வழுக்கியின் மேல்கண்ணாடி ஓரங்களில் கியூட்டெக்ஸ் (நகப்பூச்சு) பூசிவிடுங்கள். நல்ல மேன்முக அவத்தை கிடைத்த இடத்தைக் கண்ணாடியில் மாக்கரால் வட்டமிட்டு, உடனே கைபேசியைப் பார்வைத்துண்டில் வைத்துப் படம் எடுங்கள். இரண்டு மூன்று நாளில் காய்ந்து மங்கிவிடும்.